கிம்மத்ஷோ சுரண்டிய தோல்

கிம்மத்ஷோவின் பட்டறைக்கு வருகிறவர்கள் நேரே உள்ளே நுழைய மாட்டார்கள். வாசலில் நின்று கழுத்தை நீட்டி, அவன் கையில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். அரமோ உப்புத்தாளோ இருந்தால் சலாம் சொல்லிக்கொண்டு போகலாம். மரம் செதுக்கும் வாச்சி இருந்தால் இன்னொரு நாள் வருவது உடம்புக்கு நல்லது.

பாமீர் மலையில் எங்கள் ஊரான சாவ்தராவில் ரபாப் செய்யத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். முசுக்கட்டை மரத்தை ஒரே துண்டாகக் குடைந்து, குடத்தின் வாயில் ஆட்டுத்தோலை இழுத்துப் பூட்டி, ஆட்டுக் குடலை முறுக்கி நரம்பாக ஏற்றும் வாத்தியம் அது. மற்ற ஊர்களில் இதைச் செய்கிறவர்கள் சாதுவான ஆட்கள் என்று கேள்வி. எங்களுக்கு வாய்த்தவன் இவன். மரத்தோடு சண்டை போடுவான், தோலைத் திட்டுவான், மூன்று செய்தால் ஒன்றைத் தானே உடைப்பான். ஒரு முறை பள்ளிக்கூட வாத்தியார் தன் ரபாப் மீட்டும்போது உதறுகிறது என்று கொண்டுவந்தார். கிம்மத்ஷோ அதை வாங்கினான், காதில் வைத்துக் கேட்டான், கட்டையில் கிடத்தி ஒரே வெட்டாக இரண்டாகப் பிளந்தான். இரண்டு துண்டையும் வாத்தியார் கையிலேயே கொடுத்து, "இனிமே உதறாது" என்றான். அடுத்த மாதம் புதிதாக ஒன்று செய்து அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்ததும் அவன்தான். அதை யாரும் சொல்வதில்லை, பிளந்ததைத்தான் சொல்வார்கள்.

அவனுக்கு ஒரே தம்பி, லோலபெக். அண்ணனுக்குக் கையில் வேகம் என்றால் தம்பிக்கு வாயில். அந்த வாய்தான் அவனைக் கொன்றது என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். எனக்கு அது பிடிக்காது. வாய் கொல்லாது, துப்பாக்கிதான் கொல்லும்.

போர் நடந்துகொண்டிருந்த இரண்டாம் வருடம் அது. ஆயுதக் கும்பல் ஒன்று ஆற்றுப் பாலத்தைப் பிடித்து வைத்திருந்தது. பாலத்தில் நின்றவன் ஷோமுரோத், எங்கள் ஊர்ப் பையன், அஃபரீதாவின் மகன். அவனைப் போல ரபாப் மீட்ட இந்தப் பள்ளத்தாக்கிலேயே ஆள் கிடையாது. கிம்மத்ஷோ தன் வாழ்நாளில் செய்த ரபாப்களில் ஆகச் சிறந்தது அவன் வீட்டுத் தூணில்தான் தொங்கியது. அவன் மீட்ட, லோலபெக் பாட, எத்தனை கல்யாணம், எத்தனை சாவு. அப்படிப்பட்டவனிடம் கும்பல் ஒரு துப்பாக்கியைக் கொடுத்து, மாவு வண்டி எதையும் விடாதே என்று சொல்லியிருந்தது. லோலபெக் மாவு மூட்டைகளோடு வந்தான்.

"இறங்குடா. மூட்டை இங்கயே இருக்கட்டும்" என்றான் ஷோமுரோத்.

"என்னடா, ரபாபைத் தலைகீழாப் பிடிச்சிருக்கே?" என்று லோலபெக் துப்பாக்கியைக் காட்டிச் சிரித்தான். "மீட்டுடா, கேட்போம்."

பாலத்தில் நின்ற மற்ற ஆயுதக்காரர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் ஷோமுரோத்துக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. சுட்டான். லோலபெக் மாவு மூட்டையின் மேலேயே சாய்ந்தான். ரத்தமும் மாவும் குழைந்து வண்டிப் பலகையில் காய்ந்துபோனதைச் சுரண்டி எடுக்க இரண்டு நாள் ஆயிற்று. ஷோமுரோத் அன்றே கும்பலோடு மலையேறிப் போய்விட்டான்.

கிம்மத்ஷோ கோடரியை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனான். அங்கே இருந்தது அஃபரீதா மட்டும்தான். தூணில் தொங்கிய ரபாபின் முன்னால் அவள் கையை விரித்து நின்றாள். விலகு என்று அவன் ஒரு முறைதான் சொன்னான். கோடரியின் பின்பக்கம் அவளுடைய வலது மணிக்கட்டில் விழுந்தது. அடுத்த வீச்சு ரபாபில். தண்டி முறிந்தது, குடம் விரிந்தது, தோல் கிழிந்தது. அதோடு விட்டானா? பட்டறைக்குத் திரும்பி, சுவரில் தொங்கிய ஏழு ரபாப்களையும் ஒவ்வொன்றாக இறக்கிப் பிளந்தான். ஷோமுரோத் கிடைக்கவில்லை, கிடைத்தது மரம்தான்.

எங்கள் வழக்கத்தில் செத்தவனுக்கு மூன்றாம் நாள் சாயங்காலம் விளக்கேற்ற வேண்டும். மதப் பெரியவரான கலீஃபா திரியைக் கொளுத்த, ரபாப் மீட்டி, துதி பாடி, அந்த வெளிச்சத்தில்தான் ஆத்மாவை அனுப்புவோம். லோலபெக்குக்கு விளக்கேற்ற வந்த கலீஃபா நஸ்ரிஷோ, "ரபாப் எங்கேப்பா?" என்று கேட்டார். பள்ளிக்கூட வாத்தியாரும் போர் தொடங்கியதும் தன் ரபாபோடு ஊரைவிட்டுப் போயிருந்தார். ஊரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரு ரபாப் இல்லை. அடுத்த ஊருக்குப் போகும் பாதையைக் கும்பல் அடைத்திருந்தது. ரபாப் செய்கிறவனின் சொந்தத் தம்பி, அந்த ஊரின் பாடகன், அவனுடைய விளக்கு ஒரு நரம்பின் சத்தம்கூட இல்லாமல் வெறும் வாய்ப்பாட்டில் எரிந்தது. அந்தப் பழியையும் கிம்மத்ஷோ ஷோமுரோத்தின் தலையிலேயே கட்டினான். கிம்மத்ஷோவின் மனைவி பக்தமோ மட்டும் ஒரு நாள், "எட்டு ரபாபை உடைச்சது அவனா?" என்று கேட்டாள். பதிலுக்கு ஒரு கிண்ணம் அவள் தலைக்கு மேலே சுவரில் போய் நொறுங்கியது. அப்புறம் அவள் கேட்கவில்லை.

இரண்டு வருடம் கழித்து, பனி உருகத் தொடங்கிய ஒரு காலையில் அஃபரீதா பட்டறைக்கு வந்தாள். வாசலில் நின்று எட்டிப் பார்க்கவில்லை. அவன் கையில் வாச்சி இருந்தது, இருந்தும் நேரே உள்ளே வந்து ஒரு மாவுச் சாக்கைத் தரையில் கவிழ்த்தாள். தண்டி தனியாக, குடம் தனியாக, நரம்பு முறுக்கும் பிரடைகள் தனியாக உருண்டன.

"என் வீட்டுல நீ ரெண்டை உடைச்சே, கிம்மத்து. ஒண்ணு தானா ஒட்டிக்கிச்சு, கோணலா." வலது கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டு வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. "இன்னொண்ணு தானா ஒட்டல. நீ ஒட்டு."

"உன் மகன் எங்கே? அவனை வந்து கேட்கச் சொல்லு."

"வந்துட்டான். நேத்து மத்தியானம். கம்பளியில சுருட்டி, லாரியில போட்டு."

கும்பலுக்குள்ளேயே பங்குச் சண்டை. அவனைச் சுட்டது அவன் கூட்டாளிகளே. உடலைத் தூக்கிவரப் போன அவன் சித்தப்பா தவ்லத்துக்கும் வலது கையில் குண்டு பட்டிருந்தது. எல்லாவற்றையும் அவள் கல் மாதிரி நின்று சொன்னாள்.

கிம்மத்ஷோ சிரித்தான். நன்றாகவே சிரித்தான். "வாயிலே சர்க்கரைதான் போடணும் உனக்கு. இதெல்லாம் விறகுக்கு ஆகும், எடுத்துட்டுப் போ. சாவு வீட்டுல அடுப்பு நிறைய எரியும்."

அவள் குனிந்து, இடது கையால் கொட்டாப்புளியை எடுத்து வீசினாள். அது அவன் தோளில் பட்டுத் தெறித்தது. அடுத்து உளி பறந்தது, அவன் விலகிக்கொண்டான்.

"குறி போதலையே, அக்கா."

"வலக்கையை நீ விட்டு வச்சிருந்தா தப்பியிருக்காது."

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னாள்: "நாளைக்குச் சாயங்காலம் விளக்கு. ரபாப் மீட்டினவன் செத்தா அவன் ரபாப்தான் பாடணும், உனக்கே தெரியும். உன் மன்னிப்பு எனக்கு வேணாம். உன் துக்கமும் வேணாம். இதைப் பாட வை, போதும்."

அவன் முடியாது என்று சொல்ல வாயெடுத்தான். அப்போதுதான் அவன் கண் சுவரில் மாட்டியிருந்த ஆட்டுத்தோல்மேல் போயிற்று. ஒரு யோசனை வந்தது.

விளக்கு எரியும்போது ரபாபின் தோல் வெடித்தால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். யாருக்காகப் பாடினார்களோ அவனை அந்தப் பக்கத்தில் சேர்க்கவில்லை. சாவுக் கஞ்சியை யாரும் வாயில் வைக்க மாட்டார்கள், சட்டியோடு நாய்க்குப் போகும். அதற்குப் பிறகு அவன் பெயரை எந்தத் தொழுகையிலும் சொல்ல மாட்டார்கள். கொன்றால்கூட இவ்வளவு முழுசாகக் கொல்ல முடியாது.

"வச்சிட்டுப் போ. நாளைக்கு நானே கொண்டுவரேன்" என்றான் கிம்மத்ஷோ.

அன்று முழுக்க அவன் வேலை செய்ததைப் பார்த்திருந்தால் ரபாப் பழுது பார்க்கிறான் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். முறிந்த தண்டிக்குள் பழுக்கக் காய்ச்சிய கம்பியை இறக்கினான். புகை எழும்ப மரம் சீறியது. அந்தத் துளையில் பாதாம் மரத்து முளைக்குச்சி ஒன்றை அடித்துப் புகுத்தி, கொதிக்கிற வஜ்ஜிரத்தை ஊற்றினான். பசை புறங்கையில் வழிந்து தோலை உரித்தது, துடைக்கவில்லை. குடத்தின் விரிசலை மூடி, ஈரக் குடல் நரம்பைச் சுற்றி இறுக்கினான். காயக் காய அது மரத்தின் கழுத்தை நெரித்துக்கொண்டே போகும். ஒவ்வொரு சுற்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு ஷோமுரோத்தின் பெயரைச் சொன்னான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டில் ஒரு மயிரிழை விலகல் இல்லை. மனம் எவ்வளவு கெட்டிருந்தாலும் கை கெடவில்லை.

மறுநாள் காலையில் தோல் முறை. ஊறவைத்த தோலை முழங்காலில் விரித்து, உள்பக்கமாகக் கண்ணாடிச் சில்லால் சுரண்டினான். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அவன் விரலுக்குத் தெரியும். அங்கே நிறுத்தவில்லை. நடுவில், நரம்புகளைத் தாங்கும் குதிரை என்கிற கட்டை வந்து உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில், மேலும் சுரண்டினான். பக்தமோ உப்புப் போட்ட பால் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். தோலைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"என் விரல் ரேகை தெரியுது இதுல."

"வை கீழே."

"வெங்காயத் தோல் கூட இதைவிடக் கனம். எத்தனை பாட்டுத் தாங்கும்?"

"ஒண்ணு. அதுலயும் பாதி."

அவள் புரிந்துகொண்டாள். "அந்தப் பொம்பளை கையை முறிச்சது போதலையா உனக்கு?" என்றாள். அவன் கையில் கண்ணாடிச் சில்லோடு எழுந்தான். அவள் நகரவில்லை. அவனே திரும்ப உட்கார்ந்து, தோலைக் குடத்தின் வாயில் இழுத்து, மர ஆணிகளை அடிக்கத் தொடங்கினான். ஒவ்வொரு அடிக்கும் தேநீர்க் கிண்ணம் குதித்தது.

பொழுது சாயும் நேரத்தில் அவன் ரபாபோடு அந்த வீட்டுக்குப் போனான். கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். ஆனால் வெடிக்கிற சத்தத்தைத் தன் காதால் கேட்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஊர் முழுக்க வீட்டின் ஐந்து தூண்களைச் சுற்றி உட்கார்ந்திருந்தது. அடுப்படியில் அஃபரீதா பெரிய கொப்பரையில் கோதுமையும் இறைச்சியும் கலந்த கஞ்சியை இரும்பு அகப்பையால் கிளறிக்கொண்டிருந்தாள். இடது கையால். பழகாத கை, ஒவ்வொரு சுற்றிலும் கஞ்சி வெளியே சிந்தியது. கோணல் கையை மார்போடு மடக்கி வைத்திருந்தாள்.

அவன் ரபாபைத் தவ்லத்திடம் நீட்டினான். தவ்லத் ரத்தம் கசிந்த கட்டுக் கையைத் தூக்கிக் காட்டி, "இதை வச்சுக்கிட்டு எதை மீட்ட?" என்று சீறினான்.

கலீஃபா நஸ்ரிஷோ கிம்மத்ஷோவைப் பார்த்தார். "இங்க மீட்டத் தெரிஞ்ச வேற கை இல்ல. உட்காருப்பா. நீ மீட்டு, நான் பாடறேன்."

இது அவன் நினைத்துப் பார்க்காதது. தவ்லத்தின் கையில் குண்டு பட்டதை அவள் சொல்லித்தான் இருந்தாள். கோபக்காரனுக்கு எப்போதும் பாதிதான் காதில் விழும். எழுந்து போகலாமா என்று பார்த்தான், வாசலை மறித்து ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். சரி, என் கையாலேயே வெடிக்கட்டும் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தான். கலீஃபா திரியைக் கொளுத்தினார். கிம்மத்ஷோ மீட்டுகோலை ஓங்கினான். முதலில் ஒரு மென்தட்டு, சுருதி பார்க்க.

அந்தச் சத்தத்தைக் கேட்டு அவனே திடுக்கிட்டான்.

முப்பது வருடமாக அவன் தேடிக்கொண்டிருந்த நாதம் அது. எத்தனை மரத்தைப் பிளந்தான், எத்தனை ரபாபை உடைத்தான், எதற்காக? இதற்காகத்தான். வெறுப்பில் சுரண்டிய தோல், மூச்சு விட்டால்கூட நடுங்கும் அந்தத் தோல், வேறெந்தத் தோலும் கொடுக்காததைக் கொடுத்தது. ஓங்கி அடிக்க வேண்டும் என்று புத்தி சொன்னது. கை கேட்கவில்லை. இன்னொரு முறை மெதுவாகத் தொட்டுப் பார்ப்போம், இன்னும் ஒரு முறை, என்று கை கெஞ்சிக்கொண்டே போனது. கலீஃபா பாட, தூணோரத்தில் யாரோ விம்மினார்கள். அப்புறம் எல்லோருமே. தம்பியைக் கொன்றவனுக்காக ஊரே அழுதது, அழவைத்தவன் கிம்மத்ஷோ. பாட்டு முடிந்தது. தோல் அப்படியே இருந்தது. கிண்ணங்களில் கஞ்சி வரத் தொடங்கியது.

அவன் ரபாபைக் கீழே வைக்கப் போனான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"வைக்காதே" என்றாள் அஃபரீதா அடுப்படியிலிருந்து. "லோலபெக்குக்கு ஒண்ணு மீட்டு."

தவ்லத் தலையைத் தூக்கினான். "அண்ணி, என்ன இது? நம்ம பையன் விளக்குல அவனுக்கு எதுக்கு?"

"நீ சும்மா இருடா. அந்தப் பையன் இந்த வீட்டுல எத்தனை நாள் சாப்பிட்டிருக்கான், உனக்குத் தெரியுமா? அவன் விளக்கு ரபாப் இல்லாம எரிஞ்சது. ரெண்டு வருஷமா நான் அதைத்தான் நினைச்சுக்கிட்டுக் கிடக்கேன். கொன்னது என் பிள்ளை. அவன் ரபாபே லோலபெக்குக்குப் பாடட்டும்." பிறகு கிம்மத்ஷோவிடம் திரும்பினாள். "அவனுக்குப் பிடிச்ச அந்த ஆத்துப் பாட்டு இருக்கே, அதை எடு. நல்லா அழுத்தி மீட்டு. அந்தப் பயலுக்கு மெதுவா மீட்டினா பிடிக்காது."

உண்மைதான். லோலபெக் பாடும்போது தொடையைத் தட்டி, "அடி அண்ணா, அடி!" என்று கத்துவான். கிம்மத்ஷோ ரபாபை மறுபடி மடியில் தூக்கி வைத்தான். அவன் கண்ணை மூடினான். தம்பி எதிரில் உட்கார்ந்து தொடையைத் தட்டுகிறான். தோலை மறந்தான், சுரண்டியதை மறந்தான், தான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதையே மறந்தான். தோள் வரை கையைத் தூக்கி, தன் பலம் முழுவதையும் கூட்டி முதல் அடியை அடித்தான்.

தோல் வெடித்தது. குதிரை குடத்துக்குள் விழுந்தது. நரம்பு ஒன்று அறுந்து அவன் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது.

பிறகு மூலையிலிருந்த ஒரு பெரியவர் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தை மெல்லத் தரையில் வைத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவரும் வைத்தார். "பாவம், லோலபெக்கைச் சேர்க்கலை போலிருக்கு" என்று யாரோ முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. கலீஃபா கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். இனி அந்தப் பெயர் எந்தத் தொழுகையிலும் வராது.

"இல்லை!" கிம்மத்ஷோ எழுந்து நின்றான். கன்னத்து ரத்தம் தாடியில் இறங்கியது. "என் தம்பி மேல ஒரு குத்தமும் இல்ல. தோலைச் சுரண்டினது நான்! கண்ணாடிச் சில்லால, வேணும்னே. ஷோமுரோத் பாட்டுல வெடிக்கட்டும், அவன் பேரே இல்லாமப் போகட்டும்னு சுரண்டினேன். நம்பலைன்னா தொட்டுப் பாருங்க."

யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. தவ்லத் இடது கையில் கத்தியோடு பாய்ந்தான். நான்கு பேர் பிடித்தும் கத்தி கிம்மத்ஷோவின் சட்டையைக் கீறிவிட்டது. அவன் விலகவில்லை, தடுக்கவும் இல்லை. குத்தட்டும் என்றே நின்றான்.

"நகருங்கடா" என்றாள் அஃபரீதா.

கஞ்சி சொட்டும் இரும்பு அகப்பையோடு அவள் அவன் முன்னால் வந்து நின்றாள். அகப்பையைத் தன் கோணல் கைக்கு மாற்றினாள். அந்தக் கையில் விரல் சரியாக மூடாது என்பது ஊருக்கே தெரியும். இடது கையால் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, காம்பில் இறுக்கினாள். வலியில் முகம் சுண்டியது. பிறகு ஓங்கி அவன் வாயில் அடித்தாள். இந்த முறை குறி தப்பவில்லை. இரண்டு பல் தரையில் விழுந்தன, அவன் மண்டியிட்டான்.

அவள் ஓடிப்போய் அழவில்லை. அங்கேயே அவனுக்கு எதிரில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். கிழிந்த ரபாபை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

"பாடு" என்றாள்.

"வாய்..." என்றான் அவன் ரத்தத்தைத் துப்பி.

"வாய்தான் இருக்கு உனக்கு. வேற என்ன மிச்சம் வச்சிருக்கே? விளக்கு இன்னும் எரியுது. பாடு."

அவள் ரபாபின் முதுகில், அவன் ஒட்டிய இடத்தில், கோணல் கையால் தாளம் தட்டத் தொடங்கினாள். ஒட்டு அசையவில்லை. கிம்மத்ஷோ தம்பியின் ஆற்றுப் பாட்டை எடுத்தான். பல் போன இடத்தில் காற்று சீறியது, பாதி வார்த்தை ரத்தத்தோடு வெளியே வந்தது. கலீஃபா சேர்ந்துகொண்டார். தவ்லத்தைப் பிடித்திருந்தவர்கள் கையை எடுத்தார்கள், அவன் தூணில் தலையை முட்டிக்கொண்டு நின்றான். மூலையிலிருந்த பெரியவர் கிண்ணத்தைத் திரும்பக் கையில் எடுத்தார். லோலபெக்கின் பெயர் தப்பியது.

ஆனால் அவனுக்கான பாட்டு இரண்டாம் முறையும் ரபாப் இல்லாமலே நடந்தது. முதல் முறை அதை உடைத்ததும் கிம்மத்ஷோதான், இந்த முறையும் அவனேதான்.